கேட்டுக்கு வெளியேயா, லைனுக்கு உள்ளேயா? கார் ஆலைச் சங்கம் எந்த வகை வேலைநிறுத்தத்தைத் தேர்ந்தெடுப்பது

பேச்சுவார்த்தை முறிந்த அன்று மாலை கூடும் பொதுக்குழுவில் முதலில் எழும் கேள்வி "எப்போது ஸ்ட்ரைக்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது "எந்த வகை ஸ்ட்ரைக்?" என்பது. ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவதா, எல்லோரும் கேட்டுக்கு வெளியே வந்துவிடுவதா, ஒரு ஷாப்பை (ஆலைப் பிரிவை) மட்டும் நிறுத்துவதா, விடுப்பு எடுத்துக்கொண்டு ஒருநாள் வராமல் இருப்பதா? நான்கும் வேறுவேறு செலவு, வேறுவேறு சட்ட நிலை, வேறுவேறு முடிவு. ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் வட்டாரத்தின் ஓர் ஆலையை மனதில் வைத்து இவற்றை ஒப்பிடுகிறோம்: நிரந்தரத் தொழிலாளர் 1,000 பேர், கிட்டத்தட்ட அதே அளவு காண்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ், ஒரே ஆலை, பதிவான ஒரு சங்கம், இழுபறியில் நிற்கும் ஊதிய ஒப்பந்தம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இப்படிப்பட்ட சங்கத்துக்கு நோட்டீஸ் கொடுத்து, எல்லோரும் ஒன்றாக வெளியே வந்து நிற்பதே பொருந்தும். மற்ற மூன்றும் அதற்கான ஒத்திகையாகவோ மிக அரிதான சூழலிலோதான் பயன்படும். ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் செய்யவேண்டிய கணக்கு ஒன்றுதான்.

லைனை யார் ஓட்டுகிறார்கள்?

நீங்கள் வெளியே வந்தால் லைன் (கார்கள் பூட்டப்படும் உற்பத்தி வரிசை) நிற்குமா? இதற்கு உணர்ச்சியால் பதில் சொல்லக்கூடாது. ஒரு நோட்டை எடுத்து ஸ்டேஷன் ஸ்டேஷனாக எழுதுங்கள்: இப்போது அங்கே நிற்பது யார், நிரந்தரமா காண்ட்ராக்ட்டா, அவர் இடத்தில் யாரை நிறுத்த முடியும், அந்த ஆளுக்குக் கை பழக எத்தனை நாள் ஆகும். டிரிம் லைனில் கார்ப்பெட் போடுவதை ஒரு டிரெய்னி இரண்டு நாளில் கற்றுக்கொள்வார். டோர் ஃபிட்மென்ட், பெயின்ட் ஷாப்பின் ஸ்ப்ரே சரிசெய்தல், பிரஸ் ஷாப்பின் டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மாற்றுதல், ரோபோ பராமரிப்பு, லைன் முடிவில் நடக்கும் பிரேக், அலைன்மென்ட் சோதனை ஆகியவை அப்படியல்ல. ஒரு நிமிடத்துக்கு ஒரு கார் என்ற வேகத்தில் ஓடும் லைனில் பத்து ஸ்டேஷன்களில் புது ஆள் நின்றால் லைன் அடிக்கடி நிற்கும். ரீவொர்க் யார்டு (குறை திருத்தவேண்டிய கார்கள் நிற்கும் இடம்) நிரம்பிவிடும்.

இந்த நோட்டு முடிந்ததும் ஓர் உண்மை கண்ணில் படும். நிரந்தரத் தொழிலாளர் மட்டும் வெளியே வந்தால் பல ஆலைகளில் முதல் ஷிஃப்டில் உற்பத்தி குறையும். பத்தாம் நாள் அது பாதிக்கு மேல் மீண்டுவிடும். சூப்பர்வைசர், இன்ஜினியர், காண்ட்ராக்ட் என்று நிர்வாகம் ஆளை நிரப்பிவிடும். ஆகவே காண்ட்ராக்ட் தொழிலாளரைப் பற்றிய கோரிக்கை பட்டியலின் கடைசி வரியாக இருக்கக்கூடாது. அவர்களுக்கு என்ன கிடைக்கும், அவர்களை நீக்கினால் சங்கம் என்ன செய்யும் என்பதை எழுத்தில் சொல்லாமல் அவர்களிடம் ஆதரவு கேட்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. ஹரியானாவிலுள்ள மாருதியின் மானேசர் ஆலையில் 2011 அக்டோபரில் இதன் மறுபக்கம் தெரிந்தது. கதவடைப்பு (நிர்வாகமே ஆலையைப் பூட்டுவது) முடிந்து நிரந்தரத் தொழிலாளர் உள்ளே போனபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட காண்ட்ராக்ட் தொழிலாளரை நிர்வாகம் சேர்க்க மறுத்தது. அவர்களுக்காகவே நிரந்தரத் தொழிலாளர் அக்டோபர் 7 அன்று மறுபடி உள்ளிருப்பில் இறங்கினார்கள். இந்திய கார் ஆலைகளின் வரலாற்றில் நாங்கள் மிகவும் மதிக்கும் முடிவுகளில் அது ஒன்று.

உள்ளிருப்பு: வலிமையும் விலையும்

வலிமையில் உள்ளிருப்பை மிஞ்ச எதுவும் இல்லை. இயந்திரத்தின் பக்கத்தில் தொழிலாளி உட்கார்ந்திருக்கும்வரை அங்கே வேறு ஆளை நிறுத்த முடியாது; டையை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகவும் முடியாது. 1936 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் பாடி ஆலையைத் தொழிலாளர் பிடித்து உட்கார்ந்ததற்கு உடனடிக் காரணமே, டைகளை வேறு ஊருக்கு அனுப்ப நிர்வாகம் முனைந்ததுதான். 44 நாள் உட்கார்ந்து, 1937 பிப்ரவரி 11 அன்று சங்க அங்கீகாரத்தோடு வெளியே வந்தார்கள். ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு சூழ்நிலை இருந்தது: படையை வைத்து அவர்களை வெளியேற்ற மிச்சிகன் ஆளுநர் மறுத்துவிட்டார். 1939-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த முறையைச் சட்டப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளிவிட்டது.

மானேசரில் 2011 ஜூன் 4 அன்று தொடங்கிய முதல் உள்ளிருப்பு 13 நாள் நடந்தது. பணிநீக்கம் செய்யப்பட்ட 11 பேர் திரும்ப வந்தார்கள். அக்டோபரில் நடந்த இரண்டாவதில் பக்கத்திலிருந்த சுசுகி பவர்டிரெயின் ஆலையும் சேர்ந்து நின்றதால் அதன் தாக்கம் பெரிதாக இருந்தது. ஆனால் முடிவில் சஸ்பெண்டில் நின்ற முன்னணித் தொழிலாளர் 30 பேரும் பணம் பெற்றுக்கொண்டு வேலையை விட்டார்கள். சங்கத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. முன்னணியில் இருந்தவர்கள் ஒரேயடியாகப் போய்விட்டால் அடுத்த வரிசை தயாராக இல்லாத சங்கம் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

இங்கே இன்றைய சட்ட நிலை இன்னும் கடினம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, வேலை நேரத்துக்குப் பிறகும் ஆலைக்குள் உட்கார்ந்திருப்பதை நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்று பட்டியலில் வைத்திருக்கிறது. அதிகாரிகளைச் சூழ்ந்து நிற்பதும், வேண்டுமென்றே வேலையை மெதுவாக்குவதும், அதிகாரி வீட்டு முன் ஆர்ப்பாட்டம் செய்வதும் அதே பட்டியலில்தான். நோட்டீஸ் இல்லாத உள்ளிருப்பு சட்டவிரோத வேலைநிறுத்தமாகவும் ஆகிறது. சட்டவிரோத வேலைநிறுத்தத்தின் விளைவாக அறிவிக்கப்படும் கதவடைப்பு சட்டவிரோதம் ஆகாது. அதாவது கதவைப் பூட்டும் உரிமையை நாமே நிர்வாகத்தின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. கேண்டீனும் கழிப்பறையும் குடிநீரும் நிர்வாகத்தின் கையில். வெளியிலிருந்து வரும் சாப்பாட்டைக் கேட்டில் நிறுத்திவிடலாம். பெண் தொழிலாளர் இரவில் உள்ளே தங்குவது தனி ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே ஒரு கைகலப்போ ஓர் இயந்திரச் சேதமோ நடந்தால் அது யார் தொடங்கியது என்றாலும் வழக்கு தொழிலாளி மேல். 2012 ஜூலை 18 அன்று மானேசரில் ஒரு மேலாளர் உயிரிழந்த வன்முறைக்குப் பிறகு 546 நிரந்தரத் தொழிலாளர் நீக்கப்பட்டார்கள். 2017-இல் தீர்ப்பு வந்தபோது 117 பேர் விடுதலையானார்கள், அதற்குள் அவர்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார்கள்.

அப்படியானால் உள்ளிருப்பு எப்போதுமே கூடாதா? ஒரே ஒரு சூழலில் பேச இடமிருக்கிறது: ஆலையை மூடி இயந்திரங்களை எடுத்துச்செல்லப் போகிறார்கள் என்ற நிலை. அப்போதுகூட உற்பத்தி தேவைப்படும் காலம் முடிவதற்குள் செய்யவேண்டும். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடும் அறிவிப்பு 2021 செப்டம்பர் 9 அன்று வந்தது. தொழிலாளரின் போராட்டம் 2022 மே 30 அன்று தொடங்கியது. ஏற்றுமதிக்கான கார்கள் மீதியிருந்த காலம் அது. ஜூலையோடு கடைசிக் கார் இறங்கிவிட்டது. காரே வேண்டாம் என்று முடிவெடுத்த நிர்வாகத்திடம் லைனை நிறுத்துவேன் என்று சொல்வதில் வலு இல்லை. முடிக்கவேண்டிய ஆர்டர் எத்தனை கார் என்பதுதான் அங்கே பேரம்பேசும் காலத்தின் நீளம்.

ஒரு பகுதியை மட்டும் நிறுத்துவது: டெட்ராய்ட் வழி

2023-இல் டெட்ராய்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ செய்ததைப் பார்த்துப் பலரும் இங்கே இதைக் கேட்கிறார்கள். செப்டம்பர் 15 அன்று ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லான்டிஸ் மூன்றிலும் ஆளுக்கோர் ஆலையாக மூன்று ஆலைகளை மட்டும் நிறுத்தினார்கள். ஏறத்தாழ 12,700 பேர். ஒரு வாரத்தில் 38 உதிரிபாகக் கிடங்குகள் சேர்ந்தன. அக்டோபர் 11 அன்று ஃபோர்டின் மிக அதிக லாபம் தரும் கென்டக்கி டிரக் ஆலையில் 8,700 பேர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வெளியே வந்தார்கள். அக்டோபர் 30-க்குள் மூன்று நிறுவனங்களும் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டன: 2028 ஏப்ரல் வரையிலான காலத்துக்கு 25 விழுக்காடு ஊதிய உயர்வு, விலைவாசிப் படி மீட்பு, ஆலையை மூடினால் வேலைநிறுத்தம் செய்யும் உரிமை.

அந்த வழியின் உயிர் பணக் கணக்கில் இருக்கிறது. சங்கத்தின் வேலைநிறுத்த நிதி 82.5 கோடி டாலர். வெளியே நிற்கும் ஒவ்வொருவருக்கும் வாரம் 500 டாலர். மூன்று நிறுவனங்களின் 1,46,000 உறுப்பினரும் ஒன்றாக வெளியே வந்திருந்தால் வாரம் 7.3 கோடி டாலர், அதாவது பதினொரு வாரத்தில் நிதி காலி. 12,700 பேருக்கு வாரம் 63.5 லட்சம்தான். ஆண்டுக்கணக்கில்கூட நிற்கமுடியும் என்ற நிலையே நிர்வாகத்துக்கு அழுத்தமாக இருந்தது. இதோடு 2019-ஐ வைத்துப் பாருங்கள். அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் 48,000 பேரும் ஒரே நாளில் வெளியே வந்து 40 நாள் நின்றார்கள். நிறுவனத்துக்குச் சுமார் 360 கோடி டாலர் இழப்பு. ஆனால் தொழிலாளிக்கு வாரம் 250, பிறகு 275 டாலர்தான் கிடைத்தது. இரண்டாம் நாளே நிறுவனம் மருத்துவக் காப்பீட்டை நிறுத்தி, ஒன்பது நாள் கழித்துத் திரும்பக் கொடுத்தது.

இதை அப்படியே ஓரகடத்துக்குக் கொண்டுவர முடியாததற்கு மூன்று காரணங்கள். அங்கே ஒரே சங்கம் பல ஆலைகளில் இருக்கிறது. இங்கே ஆலைக்கு ஒரு சங்கம். அங்கே ஒப்பந்தக் காலம் முடிந்த நள்ளிரவே எந்த ஆலையையும் நிறுத்தலாம். இங்கே ஒவ்வொன்றுக்கும் 14 நாள் நோட்டீஸ், ஆகவே திடீரென்று இடம் மாற்றும் ஆச்சரியம் கிடைக்காது. மூன்றாவதுதான் முக்கியம்: ஒரே ஆலையின் ஒரு பகுதி வேலைநிறுத்தம் செய்து, அதனால் இன்னொரு பகுதிக்கு வேலை இல்லாமல் போனால், அந்த இன்னொரு பகுதித் தொழிலாளருக்கு லே-ஆஃப் இழப்பீடு கிடையாது என்கிறது நம் சட்டம். பெயின்ட் ஷாப் 120 பேர் நிற்பார்கள். அசெம்பிளி 600 பேர் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். அவர்களுக்குப் பாதிச் சம்பளம்கூட வராது. டெட்ராய்ட்டிலும் இதே நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் வென்ட்ஸ்வில் ஆலை நின்றதும் அங்கிருந்து பிரஸ் பாகம் வராத ஃபேர்ஃபாக்ஸ் ஆலையில் சுமார் 2,000 பேரை நிறுவனம் வீட்டுக்கு அனுப்பியது. சங்கம் அவர்களுக்கும் நிதியிலிருந்து கொடுத்தது. நம் சங்கத்தால் அதைக் கொடுக்க முடியாவிட்டால், பத்து நாளில் அசெம்பிளிக்காரர் பெயின்ட் ஷாப்காரர் மேல் கோபப்படுவார். பிளவு அங்கே தொடங்கும்.

உதிரிபாக ஆலையில் ஸ்ட்ரைக் நடத்திப் பெரிய ஆலையை நிறுத்துவது இதன் இன்னொரு வடிவம். 1998-இல் ஃபிளின்ட்டின் இரண்டு உதிரிபாக ஆலைகளில் சுமார் 9,200 பேர் 54 நாள் நின்று, ஜெனரல் மோட்டார்ஸின் வட அமெரிக்க அசெம்பிளி ஆலைகளை ஏறக்குறைய முழுவதும் நிறுத்தினார்கள். சீட், பம்பர், டேஷ்போர்டு போன்றவை லைனில் வரும் கார்களின் வரிசைப்படியே வந்து சேர்கின்றன. இவற்றுக்குச் சில மணி நேர இருப்புக்குமேல் யாரும் வைப்பதில்லை. ஆனால் இங்கே உதிரிபாக ஆலை வேறு முதலாளியுடையது. பெரிய நிறுவனம் அந்த ஆர்டரை இரண்டாவது சப்ளையருக்குத் தள்ளிவிட்டு, டையையும் மோல்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் சங்கத்தோடு ஆலையே போய்விடும். அந்தப் பாகத்துக்கு வேறு சப்ளையர் உண்டா, டை யாருடைய சொத்து என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் உதிரிபாக ஆலையில் தேதி குறிக்கக்கூடாது.

விடுப்பு, பேட்ஜ், ஓ.டி. மறுப்பு

ஒன்றாக கேஷுவல் லீவு எடுப்பது முன்பு பாதுகாப்பான வழியாக இருந்தது. இப்போது ஒரே நாளில் 50 விழுக்காடோ அதற்கு மேலோ தொழிலாளர் சேர்ந்து விடுப்பு எடுத்தால் சட்டப்படி அதுவே வேலைநிறுத்தம். நோட்டீஸ் இல்லையென்றால் சட்டவிரோதமும் ஆகிவிடும்.

கருப்பு பேட்ஜ், கேண்டீன் புறக்கணிப்பு, ஷிஃப்ட் முடிந்ததும் கேட் கூட்டம் இவற்றால் உற்பத்தி நிற்காது. ஆனால் இவைதான் சங்கத்தின் அளவுகோல். பேட்ஜ் அணிந்தவர் 90 விழுக்காடு, கேண்டீனில் சாப்பிடாதவர் 80, விடுமுறை நாளில் மாவட்டத் தலைநகருக்கு வந்தவர் 70 என்றால் வேலைநிறுத்தம் நிற்கும். பேட்ஜிலேயே 60 என்றால் இன்னும் இரண்டு மாதம் வேலை இருக்கிறது. கூட்டத்தில் கேட்கும் கைதட்டலை வைத்து முடிவெடுத்த சங்கங்கள் முதல் வாரச் சம்பளப் பிடித்தத்திலேயே ஆளை இழந்திருக்கின்றன. வாக்கெடுப்பும் ரகசியமாகவே இருக்கட்டும். யு.ஏ.டபிள்யூவில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2023-இல் 97 விழுக்காடு கிடைத்தது. நம் சங்க விதியில் பெரும்பான்மை போதும் என்றிருந்தாலும் 80-க்குக் கீழே வந்தால் தள்ளிவைப்பதே நல்லது.

ஓ.டி. மறுப்பு தனியாகச் சொல்லவேண்டிய ஆயுதம். தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமல் மிகைநேர வேலை வாங்கக்கூடாது என்பது இன்றைய சட்டம். நோட்டீஸ் கைக்கு வந்ததும் நிர்வாகம் செய்யும் முதல் வேலை ஓ.டி. போட்டு ஸ்டாக் யார்டை நிரப்புவது. நோட்டீஸ் காலம் முழுவதும் தனிநபர் ஒப்புதலை மறுத்தால் அந்த இருப்பு சேராது. டெட்ராய்ட்டிலும் ஸ்ட்ரைக்கில் இல்லாத ஆலைகளில் இதைத்தான் செய்யச் சொன்னார்கள்.

வெளியே வருவது: நோட்டீஸ் நாட்காட்டி

நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 14 நாள் முடியுமுன் வேலைநிறுத்தம் கூடாது. 60 நாளுக்குப் பிறகு அந்த நோட்டீஸ் செல்லாது. இதைமட்டும் படித்துவிட்டு 15ஆம் நாளைக் குறிப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. நோட்டீஸுக்குப் பிறகு தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி கூட்டும் முதல் கூட்டத்தோடு சமரச நடவடிக்கை தொடங்கிவிடுகிறது. அது நடக்கும்போதும் முடிந்து 7 நாள்வரையும் வேலைநிறுத்தத்துக்குத் தடை. அதிகாரி 14 நாளில் அறிக்கை தரவேண்டும். 10ஆம் நாள் முதல் கூட்டம் என்றால் 24ஆம் நாள் அறிக்கை, 31ஆம் நாள்வரை தடை. ஆகவே நோட்டீஸிலேயே 35ஆம் நாளுக்குப் பக்கத்தில் தேதி குறிப்பது பாதுகாப்பு.

இன்னொரு பொறி: சமரசம் முறிந்தபின் இரண்டு தரப்பில் யார் வேண்டுமானாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வழக்கு அங்கே நிலுவையில் இருக்கும்போதும் முடிந்து 60 நாள்வரையும் வேலைநிறுத்தம் கூடாது. நிர்வாகம் ஒரு மனுவைப் போட்டே ஸ்ட்ரைக்கை முடக்கப் பார்க்கும். சட்டப்படியான ஜன்னல் இப்படிக் குறுகலாக இருப்பதால், சமரசம் முறிந்து ஏழு நாள் முடியும் அந்தக் காலையில் வெளியே வரும் அளவுக்குச் சங்கம் முன்பே ஆயத்தமாக இருக்கவேண்டும். அன்றைக்குப் பந்தல்காரனைத் தேடக்கூடாது.

சட்டப்படி நிற்பது ஏன் இவ்வளவு முக்கியம்? சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவருக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் அபராதமோ ஒரு மாதம்வரை சிறையோ இரண்டுமோ. தூண்டியவருக்கும், அதற்கென்று தெரிந்தே பணம் செலவழித்தவருக்கும் அபராதம் 10,000 முதல் 50,000 வரை. பத்துப் பேரோ அதற்கு மேலோ முன்னறிவிப்பின்றிச் சேர்ந்து வராவிட்டால் வராத நாளுக்கு மேல் எட்டு நாள் ஊதியம்வரை பிடிக்கலாம். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கான தொடர் பணிக்காலத்தில் சட்டப்படியான வேலைநிறுத்தம் முறிவாகக் கருதப்படாது. சட்டவிரோதமானது அந்தப் பாதுகாப்பை இழக்கிறது. வேலைநிறுத்த நாள் சம்பளம் கேட்பதானால் அது சட்டப்படியும் நியாயமாகவும் இருந்திருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் சொல்லியிருக்கிறது.

நோட்டீஸோடு சேர்த்துச் செய்யவேண்டிய ஒன்று: பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியலை முன்பே கொடுத்து ஒப்புதல் வாங்கிவைப்பது. மொத்தத் தொழிலாளரில் ஒரு விழுக்காடு, குறைந்தது 5, அதிகம் 100 பேர். நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது இவர்களை அனுமதி இல்லாமல் நீக்க முடியாது. ஸ்ட்ரைக் தொடங்கியபின் கொடுக்கும் பட்டியலை நிர்வாகம் எளிதில் மறுத்துவிடும்.

தேதி எது என்பதில் விற்பனைப் பருவத்தைப் பாருங்கள். ஆயுத பூஜை, தீபாவளி டெலிவரிக்கு முந்தைய ஆறு வாரம், புது மாடல் வெளியீட்டுக்கு முந்தைய மாதம், ஏற்றுமதிக் கப்பல் தேதி ஆகியவை நமக்குச் சாதகம். யார்டில் ஒரு மாத விற்பனைக்குக் கார் நின்றுகொண்டிருக்கும்போது வெளியே வந்தால் அது நிர்வாகத்துக்குச் சம்பளம் இல்லாத விடுமுறை கொடுத்ததுபோல. ஆனால் தீபாவளிப் பருவம் என்றால் வடகிழக்குப் பருவமழையும் கூடவே வரும். பந்தலுக்குத் தகரக் கூரையும் மேடான இடமும் பார்த்துவையுங்கள்.

இடமும் முன்கூட்டியே தேவை. கேட்டிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கூடக்கூடாது என்று நிர்வாகம் நீதிமன்றத் தடை வாங்கிவிடும். தனியார் நிலத்தை எழுத்துப்பூர்வ வாடகைக்கு எடுத்துக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்துவிடுவது நல்லது. அப்படியும் உத்தரவாதம் இல்லை. கார் ஆலை அல்ல என்றாலும் இதே வட்டாரத்தில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடந்த சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் காவல்துறை பந்தலையே பிரித்தது; தொழிலாளரைப் பிடித்துக்கொண்டு போனது. போராட்டம் கலையவில்லை, ஏனென்றால் தொழிலாளர் ஒன்றுகூட வேறிடம் இருந்தது, செய்தி போய்ச்சேர வழி இருந்தது. அவர்கள் கேட்ட சங்கப் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது.

அந்தத் தொடர்புக்கு வழி: 20 பேருக்கு ஒரு பொறுப்பாளர், ஆக 1,000 பேருக்கு 50 பேர். அவர்களை டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரிக்காமல் கம்பெனி பஸ் ரூட் வாரியாகப் பிரியுங்கள். ஆலை நின்றதும் டிபார்ட்மென்ட் கலைந்துவிடும். ஒரே ரூட்டில் இருப்பவர்கள் சுங்குவார்சத்திரத்திலோ வாலாஜாபாத்திலோ பக்கத்துப் பக்கத்துத் தெருவில்தான் குடியிருப்பார்கள். நிர்வாகம் சொந்த ஊரிலுள்ள அப்பா அம்மாவுக்குப் போன் போட்டு "உங்கள் பையன் வேலை போகப்போகிறது" என்று சொல்லும். அந்த வீட்டுக்கு முதலில் பேசவேண்டியது பொறுப்பாளர். வருகைப் பதிவேட்டில் காலை, மாலை இரண்டு கையெழுத்து. மூன்று நாள் வராதவர் வீட்டுக்கு மறுநாளே இருவர் போகவேண்டும், அதட்டப் போகாமல் என்ன கஷ்டம் என்று கேட்க.

நிதியும் அடுப்பும்

யு.ஏ.டபிள்யூ உறுப்பினர் மாதம் இரண்டரை மணி நேரச் சம்பளத்தைச் சந்தாவாகக் கொடுக்கிறார். மாதம் 40,000 வாங்கும் நம் தொழிலாளிக்கு 26 நாள், 208 மணி நேரம் என்று பார்த்தால் அது 480 ரூபாய். அவ்வளவு முடியாவிட்டாலும், வேலைநிறுத்த நிதிக்கென்று தனியாக மாதம் 200 ரூபாய், இரண்டு ஆண்டு: 1,000 பேருக்கு 48 லட்சம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 4,800. பத்து நாள் தாங்காது. வாடகை வீடு, ஒரே வருமானம், கைக்குழந்தை, தொடர் மருத்துவம் என்று தேவை உள்ள 300 குடும்பத்துக்கு மாதம் 8,000 கொடுத்தால் இரண்டு மாதம் வரும். யார் அந்த 300 என்பதை ஸ்ட்ரைக் தொடங்கும்முன், எல்லோரும் ஏற்ற அளவுகோலில் முடிவுசெய்துவிடுங்கள். தொடங்கியபின் செய்தால் ஒவ்வொரு பெயரும் சண்டை.

தொழிலாளியை முதலில் உடைப்பது பசி அல்ல, இ.எம்.ஐ. பைக், வீட்டுக்கடன், தனிநபர் கடன் மூன்றும் ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து போகும். மூன்று தவணையை முன்பே ஒதுக்கி வைக்காதவர் இரண்டாம் மாதத் தொடக்கத்தில் தடுமாறுவார். நோட்டீஸுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே புதுக் கடன் வாங்கவேண்டாம் என்று சங்கம் சொல்லவேண்டும். மருத்துவமும் அப்படியே. இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் பெரும்பாலான நிரந்தரத் தொழிலாளர் கம்பெனி காப்பீட்டில்தான் இருக்கிறார்கள், இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கும் வேலைநிறுத்த நாளுக்கு நோய்க்காலப் பணம் கிடையாது. பிரசவம், அறுவை சிகிச்சை காத்திருக்கும் வீடுகளை முன்பே கணக்கெடுங்கள்.

பந்தலில் 300 பேருக்கு ஒருவேளை சாம்பார் சாதம் என்றால் அரிசி 30 கிலோ, துவரம்பருப்பு 10 கிலோ. தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 45. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை முதல் நாளே வேண்டும். மூன்றாம் நாள் வரும் என்று சொன்னால் அவர்கள் இரண்டாம் நாள் வரமாட்டார்கள்.

வெளியிலிருந்து ஆதரவு தருகிறவர்களுக்கும் வேலை பிரித்துக் கொடுங்கள். பக்கத்து ஆலைச் சங்கம் அனுதாப ஸ்ட்ரைக் செய்யவேண்டுமானால் அதற்கும் தனி நோட்டீஸ் தேவை. ஆகவே வேலை நிறுத்தாமல் ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வருவது, ஒருநாள் சம்பளம் தருவது, அரிசி மூட்டை அனுப்புவது நடக்கக்கூடியவை. நிர்வாகம் தங்கள் ஆலைக்குத் தள்ளும் இந்த ஆலையின் வேலையை ஓ.டி.யில் செய்ய மறுப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. வசூலுக்கு எண்ணிட்ட ரசீது, தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, வாராவாரம் பந்தலில் வரவுசெலவுப் பலகை. தாய் நிறுவனம் கொரியாவிலோ ஜப்பானிலோ பிரான்சிலோ இருந்தால் அங்குள்ள சங்கத்துக்கு முதல் வாரமே எழுதுங்கள்.

உள்ளே திரும்பும் நிபந்தனை

ஊதியத்தில் உடன்பாடு வந்தவுடன் எல்லோருக்கும் வீடு திரும்பும் அவசரம் வந்துவிடும். அந்த நேரத்தில்தான் ஒப்பந்தத்தின் கடைசிப் பத்திகள் கவனிக்கப்படாமல் போகின்றன. சஸ்பெண்ட் ஆனவர்கள் எப்போது, எந்தத் தேதிக்குள் உள்ளே வருவார்கள்? சார்ஜ்ஷீட்டுகள் வாபஸா, விசாரணை நடக்குமா? காவல்துறை வழக்குகளில் நிர்வாகம் என்ன நிலை எடுக்கும்? காண்ட்ராக்ட் தொழிலாளர் அதே நாளில் அதே ஷாப்புக்குத் திரும்புவார்களா? நன்னடத்தைப் பத்திரத்தில் தனித்தனியாகக் கையெழுத்துக் கேட்பார்களா? 2011 ஆகஸ்ட் 29 அன்று மானேசரில் கேட்டில் நீட்டப்பட்ட அந்தப் பத்திரம்தான் 33 நாள் கதவடைப்பாக நீண்டது.

கையெழுத்து எங்கே போடுகிறோம் என்பதும் பார்க்கவேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவை வைத்து 12(3) என்று நாம் சொல்லும், சமரச அதிகாரி முன் போடும் ஒப்பந்தம் ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். 18(1) என்று சொல்லும் இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்பை மட்டுமே. பின்னாளில் நிர்வாகம் ஆதரவோடு இன்னொரு சங்கம் முளைத்தால் இந்த வேறுபாடு தெரியவரும். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால் வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளரில் 51 விழுக்காடு யாரிடமோ அவர்களே பேச்சுவார்த்தைச் சங்கம். திரும்பிய முதல் மாதத்திலேயே உறுப்பினர் சந்தாவைப் புதுப்பித்து, பட்டியலைச் சரிபார்த்து, தொழிலாளர் துறைக்கு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு ஒரு பிரதியைச் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.